மில் ஆஸ்பத்திரியில் பிறந்தவள்

பஸ் டிப்போவின் பின்பக்கம், பழைய டயர்கள் சாய்த்து வைத்த சுவருக்கும் கழிப்பறைக்கும் நடுவே ஓர் அறை. உள்ளே கனத்த தையல் மெஷின் ஒன்று, ரெக்சின் சுருள்கள், மூலையில் மலைபோல் கிழிந்த சீட்டுகள். மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்மணியை எல்லோரும் சீட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாக வேலைக்குச் சேரும் கண்டக்டர்கள் சிலர், ஏலச்சீட்டு பிடிக்கிற அம்மா போலிருக்கிறது என்று பயந்து, முதல் வாரம் அந்தப் பக்கமே வரமாட்டார்கள்.

கிழிந்த உறையைப் பிரித்து, அமுங்கிப்போன ஸ்பாஞ்சை மாற்றி, வளைந்த ஊசியால் மூலைகளைத் தைத்து அனுப்புவது அவள் வேலை. பிரிக்கும்போது சீட்டுக்குள்ளிருந்து ஊரே கொட்டும். கொண்டை ஊசி, நிலக்கடலைத் தோல், ஒற்றைக் கம்மல். ஒருமுறை ஒரு பல் செட்டு. அதைக் கழுவி ஜன்னலில் வைத்துவிட்டு, "சிரிச்சுக்கிட்டே வந்து யாராவது கேட்டா குடுத்துடாதீங்க, சிரிக்க முடியாதவங்கதான் சொந்தக்காரங்க" என்று எல்லோரிடமும் சொல்லி வைத்தாள்.

அவள் வாய்க்கு டிப்போவே பயப்படும். மனதில் ஒன்று தோன்றினால் கேட்டுவிடுவாள். "சார், ரெக்சின் வாங்கினதா சொல்றீங்க, ஸ்டோர்ல இல்லை, உங்க ஸ்கூட்டர் சீட்டு மட்டும் பளபளன்னு இருக்கே, எப்படி சார்?" என்று மேனேஜரையே எல்லோர் எதிரிலும் கேட்டவள். மனதில் வைத்துப் புழுங்குவதைவிடக் கேட்டுத் தீர்த்துவிடுவது நல்லது என்பாள். அதை ஒரு நல்ல குணமாகத்தான் அவள் ஐம்பது வயது வரைக்கும் நினைத்திருந்தாள்.

வீட்டில் அவளைவிட ஒரு பிடி அதிகம் பேசுகிறவள் அவளுடைய அம்மா. காலமெல்லாம் அடுத்தவர் வீட்டு அடுப்படியில் நின்றவள், இப்போது மகள் வீட்டு அடுப்படியை ஆள்கிறாள். காது கொஞ்சம் மந்தம். நாக்குக்கு ஒரு குறையும் இல்லை. சாப்பிட வா என்று அவள் கூப்பிட்டதே கிடையாது. "வந்து கொட்டிக்கடி, ஆறிப்போகுது" என்பதுதான் அழைப்பு. மகள் எதற்காவது முகத்தைத் தூக்கிக்கொண்டால், அம்மாவிடம் கைவசம் ஒரு வரி இருந்தது:

"மில் ஆஸ்பத்திரியில பொறந்தவளாச்சே. திமிருக்குக் கேக்கணுமா!"

அந்த வீட்டில் அது பாதி கேலி, பாதி பெருமை. அக்கம்பக்கத்தில் அந்த வயதுக்காரர்கள் எல்லோரும் பாயிலும் கோணியிலும் பிறந்தவர்கள். சீட்டக்கா மட்டும் இரும்புக் கட்டிலும் வெள்ளைத் தரையும் வாசலில் காவல்காரனும் இருந்த மில் ஆஸ்பத்திரியில் பிறந்தவள். அம்மா அப்போது அந்த மில் இன்ஜினியர் வீட்டில் சமையல் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா லாரியில் கிளீனர். குழந்தை தவழ்வதற்குள் மில் ஊரை விட்டு இந்த ஊருக்கு வந்துவிட்டார்கள்.

விஷயம் கிளம்பியது சீட்டக்காவின் மகளால். ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கும் அவளுக்கு வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் இடம் கிடைத்தது. அங்கே குடியேற, அவள் எங்கே பிறந்தாள், அவள் அம்மா எங்கே, அம்மாவின் அம்மா எங்கே என்று வம்சத்தையே கேட்டு விண்ணப்பம் வந்திருந்தது. மகள் பழைய காகிதங்களையெல்லாம் கட்டிலில் பரப்பி உட்கார்ந்தாள்.

"அம்மா, உன் ஸ்கூல் சர்டிபிகேட்ல பொறந்த ஊர் இந்த ஊருன்னு போட்டிருக்கு. ஆயா மில் ஆஸ்பத்திரின்னு சொல்லுது. ரெண்டுல எது?"

"ஸ்கூல்ல சேர்க்கும்போது அப்பா வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பாரு. பொறந்தது மில்லுலதான்."

"வாயால சொன்னா ஆகாது. அங்க போய்ப் பேப்பர் வாங்கணும்."

போனார்கள். மில் மூடிப் பல காலம் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் இப்போது சிமெண்ட் மூட்டை அடுக்கியிருந்தார்கள். ஆனால் அந்த ஊர்ப் பிறப்புப் பதிவெல்லாம் அலுவலகத்தில் பத்திரமாக இருந்தது. கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக் கண்ணாடியைத் தேடுகிற ஒரு குமாஸ்தா அம்மாள் தேதியைக் கேட்டுவிட்டு உள்ளே போய்ப் பார்த்து வந்தாள்.

"உங்க பேர்லயும் இல்லை, உங்க அம்மா பேர்லயும் இல்லைங்க. அன்னைக்கு மில் ஆஸ்பத்திரியில ஒரே ஒரு பெண் குழந்தைதான். அது அங்க இருந்த இன்ஜினியருக்கும் அவர் சம்சாரத்துக்கும் பொறந்தது."

"அதுக்கு முன்னே பின்னே?"

"அந்த மாசம் பூரா பார்த்துட்டேன். உங்களது இல்லை."

வீட்டுக்கு வந்து விவரம் சொன்னதும், அதே டிப்போவில் டிரைவராக இருக்கும் சீட்டக்காவின் வீட்டுக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"அட! அப்போ நான் இன்ஜினியர் வீட்டு மாப்பிள்ளையா? இது தெரியாம இத்தனை வருஷம் பஸ் ஓட்டிக்கிட்டிருக்கேனே! கார் சாவி எங்க இருக்குன்னு கேளு."

மகள் சிரித்துவிட்டாள். சீட்டக்காவும் சிரித்தாள். ஆனால் அன்றிலிருந்து அவளுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வரத் தொடங்கியது. ஊர் மாறி வந்த பிறகும் இன்ஜினியர் வீட்டிலிருந்து பழுப்பு அட்டை போட்ட பாடப் புத்தகங்கள் வருமே, எதற்கு? பிறந்தநாளுக்கு அந்த அம்மாள் பூப்போட்ட கவுன் அனுப்பினாளே, சமையல்காரி மகளுக்கு யார் அனுப்புவார்கள்? ஒருமுறை வழியில் பார்த்தபோது அந்த இன்ஜினியர் தன் முகத்தையே பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு போனாரே, ஏன்? அப்பா குள்ளம். தான் நெட்டை. குளியலறைக் கண்ணாடியில் தன் மூக்கைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். ரெக்சினில் நூல் விட்டுப்போன இடத்தை விரலால் நோண்ட நோண்டக் கிழிசல் பெரிதாகும் என்பது அவளுக்குத் தொழிலில் தெரிந்த விஷயம். இருந்தும் நோண்டினாள்.

கடைசியில் வழக்கம்போலக் கேட்டுவிட்டாள்.

அம்மா ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளு. கேக்காம என்னைக்கு விட்டிருக்கே?"

"நான் அப்பாவுக்குத்தானே பொறந்தேன்?"

"என்னது? சத்தமாச் சொல்லு."

அந்த இடத்தில் மாற்றியிருக்கலாம். பட்டாணி என்ன விலை என்று கேட்டிருக்கலாம். தலைவலி என்று எழுந்து போயிருக்கலாம். அம்மாவின் மந்தக் காது அவளுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தது. அவளோ குரலை உயர்த்தி, பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி, இன்னொரு தரம் கேட்டாள்.

அம்மா பட்டாணியை உரித்து முடித்தாள். தோலை ஓரமாகப் போட்டாள்.

"யார் சொன்னா?"

"ஆபீஸ்ல பார்த்தப்போ..."

"யார் சொன்னான்னு கேட்டேன்."

"யாரும் சொல்லலை. நானாத்தான்."

"நீயாத்தான்" என்றாள் அம்மா. முதலில் சிரிப்பு வருவதுபோல இருந்தது. பிறகு அந்த முகத்தில் ஒன்றும் இல்லை.

பிறகு அவள் சொன்னாள். அழுகை இல்லாமல், அடுத்தவர் கதைபோல.

வலி எடுத்தபோது குழந்தை குறுக்கே கிடந்தது. பிரசவம் பார்க்க வந்தவள் கையை விரித்துவிட்டாள். பக்கத்தில் இருந்தது மில் ஆஸ்பத்திரி ஒன்றுதான். மில்லில் வேலை பார்ப்பவர்களின் குடும்பத்துக்கு மட்டும் அட்டை உண்டு. அட்டை இல்லாதவர்களைக் காவல்காரன் வாசலைத் தாண்ட விடமாட்டான். வீட்டு வேலைக்காரிக்கு ஏது அட்டை? இன்ஜினியரம்மா தன் அட்டையை எடுத்தாள். தன் கை வளையலைக் கழற்றி இவள் கையில் மாட்டினாள். தன் நல்ல புடவை ஒன்றை மேலே போர்த்திவிட்டாள்.

"இனிமே உன் பேரு என் பேரு. எவ கூப்பிட்டாலும் ம்னு சொல்லு, வேற எதுவும் பேசாதேன்னா. டாக்டர் ஊருக்குப் புதுசு, அவருக்குத் தெரியாது. நர்சம்மாவுக்குத் தெரியும். அவ வாயைத் திறக்கலை. கத்தியை வச்சு உன்னை எடுத்தாங்க. குழந்தைக்கு அப்பான்னு போட்ட இடத்துல ஐயா கையெழுத்துப் போட்டாரு. போட்டுட்டு, என்னைப் பார்க்க வெக்கப்பட்டுக்கிட்டு ஜன்னலைப் பார்த்தாரு. சாகற வரைக்கும் உன்னைப் பார்க்கவும் அந்த மனுஷனுக்கு வெக்கம்தான்."

"அப்பா?"

"லாரியோட போயிருந்தாரு. வந்தவுடனே ஆஸ்பத்திரி வாசல்ல வந்து நின்னாரு. உள்ள விடலை. யாருன்னு சொல்லிக்கிட்டு உள்ள வருவாரு? என்னைக் கூட்டிட்டுப் போற வரைக்கும் எதிர்ல இருந்த மரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தாரு. குடுத்த உடனே உன் மூக்கைத்தான் பார்த்தாரு. தன்னுதுன்னு சிரிச்சாரு."

சீட்டக்காவுக்குக் காது மடல் சுட்டது. "ஏம்மா எங்கிட்ட சொல்லலை?"

"வெளிய தெரிஞ்சா ஐயாவுக்கு வேலை போயிடும். சொல்லமாட்டேன்னு வாக்குக் குடுத்தேன். அவர் போய்ச் சேர்ந்தப்புறம் சொல்லியிருக்கலாம். நீ கேக்கலை." அம்மா பட்டாணிப் பாத்திரத்தோடு எழுந்தாள். "இன்னைக்குத்தான் கேட்டே."

அன்று சாயங்காலம் சாப்பாட்டு நேரத்தில் அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"சாப்பாடு எடுத்து வச்சிருக்கு."

சீட்டக்காவுக்குத் தன்னைத்தான் கூப்பிடுகிறாளா என்று புரியச் சற்று நேரமானது. கொட்டிக்கோ இல்லை, டி இல்லை. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு அம்மா அடுப்படியிலேயே நின்றபடி சாப்பிட்டாள். உட்காரச் சொன்னதற்கு, "பழக்கம்தான்" என்றாள். அடுத்த நாளும் அப்படியே. சீட்டக்காவின் அறைக்குள் வரும்போது கதவைத் தட்டினாள். அம்மா கோபித்துக்கொண்டு கத்தியிருந்தால் அவளும் பதிலுக்குக் கத்தி, இருவரும் அழுது தீர்த்திருக்கலாம். இதற்கு என்ன பதில் செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. வேலைக்காரியாக இருந்த வீட்டில் இருந்ததுபோல அம்மா தன் வீட்டில் இருக்கத் தொடங்கியிருந்தாள். இன்னதுதான் என்று வீட்டுக்காரருக்கும் மகளுக்கும் சொல்லச் சீட்டக்காவுக்கு வாய் வரவில்லை. அட்டைக் கதையை மட்டும் சொன்னாள். தான் என்ன கேட்டாள் என்பதை விழுங்கிவிட்டாள்.

மறுபடியும் மில் ஊருக்குப் போனபோது, குமாஸ்தா அம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, திருத்தலாம், ஆனால் இரண்டு பேர் வேண்டும் என்றாள். குழந்தை என்னுடையது இல்லை என்று இன்ஜினியரம்மா எழுதித் தர வேண்டும். என்னுடையதுதான் என்று பெற்றவள் அதிகாரி முன்னால் வந்து சொல்ல வேண்டும்.

இன்ஜினியரம்மா உயிரோடு, வேறொரு ஊரில் மகனுடன் இருப்பதை மகள் விசாரித்துக் கண்டுபிடித்தாள். அம்மாவிடம் சொல்லாமலே இருவரும் புறப்பட்டார்கள். ஆபீஸில் கேட்டதால் போனார்கள் என்பது உண்மை. ஆபீஸ் கேட்டிருக்காவிட்டாலும் சீட்டக்கா போயிருப்பாள் என்பதும் உண்மை. அம்மா சொன்னதை இன்னொரு வாயால் கேட்க வேண்டும்போல அவளுக்கு இருந்தது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அது அவளுக்கே தெரிந்தது. இறங்கிவிடலாமா என்றிருந்தது. இறங்கவில்லை.

கதவைத் திறந்த மகன் வழுக்கைத் தலையோடு, பனியனோடு நின்றார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு வியர்த்துவிட்டது.

"அப்படின்னா காகிதத்துல எனக்கு ஒரு அக்கா இருக்காங்களா? இதோ பாருங்க, இந்த வீடு நான் கடன் வாங்கிக் கட்டினது. அப்பா சொத்துன்னு இதுல ஒரு செங்கல் கிடையாது."

"எங்களுக்குச் செங்கல் வேண்டாம் சார். அக்கா இல்லைன்னு ஒரு கையெழுத்துப் போதும்."

உள்ளேயிருந்து சக்கர நாற்காலியில் வந்த அம்மாள் மகனைப் பார்த்தாள். "இருந்திருந்தா உனக்குத்தான்டா நல்லது. அந்தப் பனியன் ஓட்டையையாவது தைச்சுக் குடுத்திருப்பா." பிறகு சீட்டக்காவைக் கிட்டே கூப்பிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு, அடக்க முடியாமல் சிரிக்க ஆரம்பித்தாள்.

"உங்க அம்மா என் பேர்ல கட்டில்ல படுத்திருந்தா. நான் எப்படி அங்க போறது? அவளுக்குச் சோறு யார் கொண்டு போறது? அதனால அவ பழைய புடவையை நான் கட்டிக்கிட்டேன். கேரியரைத் தூக்கிக்கிட்டு, சமையல்காரி வந்திருக்கேன்னு சொல்லிட்டு உள்ள போனேன். தரை துடைக்கிறவ, ஈரத்துல மிதிக்கிறியேடி, கண்ணு பொடரியிலயான்னு என்னைத் திட்டினா. நானும் தலையைக் குனிஞ்சுக்கிட்டுத் திட்டு வாங்கினேன். எனக்கு அப்போ வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது. தினமும் சோறு அடிபிடிச்சிடும். உங்க அம்மா ஒரு வாய் வச்சுட்டு, அம்மா, நாளைக்குப் பட்டினியே கிடக்கறேன்னா! நிசமான சமையல்காரி கட்டில்ல, பொய்ச் சமையல்காரி கேரியரோட. ரெண்டு பேரும் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சு, அவளுக்குத் தையல் வலிச்சுப்போச்சு."

மகளும் சிரித்தாள், பனியன்காரரும் சிரித்தார். சீட்டக்காவால் முடியவில்லை. அந்த அம்மாள் சிரிப்பை நிறுத்தி அவளை உற்றுப் பார்த்தாள்.

"இதெல்லாம் அவ உன்கிட்ட சொல்லலையா?"

"சொன்னாங்கம்மா."

"அப்போ எதுக்கு இவ்வளவு தூரம் வந்தே? அவ சொன்னது போதலையா?"

"ஆபீஸ்ல எழுத்துல கேக்கறாங்கம்மா."

"ஓ, ஆபீஸ்ல" என்றாள் அந்த அம்மாள். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, வாசல் வரை நாற்காலியைத் தள்ளச் சொல்லி வந்தாள். "அடிபிடிச்ச சோத்துக்கு இன்னும் திட்டறாளான்னு கேளு."

வீட்டுக்கு வந்து சீட்டக்கா மறைக்காமல் சொன்னாள். அம்மா பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள்.

"போய் விசாரிச்சாச்சா? நான் சொன்னதும் அவங்க சொன்னதும் ஒத்துப்போச்சா?"

சீட்டக்கா கழுவிய பாத்திரம் ஒன்றை எடுத்துத் துடைத்தாள். "அடிபிடிச்ச சோத்துக்கு இன்னும் திட்டறாளான்னு கேட்டாங்க" என்றாள். அம்மா திரும்பவில்லை. பாத்திரம் தேய்க்கும் சத்தம் மட்டும் ஒரு நொடி நின்று பிறகு கேட்டது.

அதிகாரியிடம் வர வேண்டும் என்று பேத்திதான் போய்ச் சொன்னாள். "உனக்காக வர்றேன். என்னைக்குன்னு சொல்லு" என்றாள் அம்மா. அன்றைக்கு எல்லோருக்கும் முன்னால் குளித்து, சலவைப் புடவை கட்டி, பையை மடியில் வைத்துக்கொண்டு வாசல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

அதிகாரியின் அறைக்குக் கதவு இருந்தது, ஆனால் சாத்துகிற வழக்கமில்லை. மூவரும் உள்ளே அவர் எதிரில் உட்கார, வெளியே பெஞ்சில் காத்திருந்தவர்களுக்குப் பேசுவது எல்லாம் கேட்டது. அம்மாவுக்குக் காது மந்தம் என்று சொன்னதும் அவர் இன்னும் உரக்கப் பேசத் தொடங்கினார்.

"சரிம்மா. அந்த அம்மா பேர்ல நீங்க போய்ப் படுத்தீங்க. அவங்க எழுதிக் குடுத்திருக்காங்க. அப்பா பேர் இருக்கே, அதுக்கு என்ன சொல்றீங்க? அந்த ஐயா எதுக்காகக் கையெழுத்துப் போட்டாரு? அவருக்கும் உங்களுக்கும் வேற ஏதாவது..."

பெஞ்சில் பேச்சு நின்றது. சீட்டக்கா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"சார், யார்கிட்ட என்ன கேக்கறீங்க? உங்க அம்மாவா இருந்தா இப்படிக் கேப்பீங்களா?"

அம்மா அவள் கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

"நீ உட்காரு. அவர் அந்நியர். அவர் கேக்கலாம்."

சீட்டக்கா உட்கார்ந்தாள். மகள் எதுவும் புரியாமல் இவளையும் ஆயாவையும் மாறி மாறிப் பார்த்தாள். மெதுவாக அவள் பார்வை சீட்டக்காவின் மேல் நின்றது. புரிந்துகொண்டுவிட்டாள். சீட்டக்கா தன் விரல் நுனியில் ஊசி குத்திக் காய்த்த இடங்களைப் பார்த்தபடி இருந்தாள்.

அம்மா அதிகாரியிடம் பேசினாள். "வேற ஒண்ணும் இல்லை சார். ஒரு உசிர் போயிடக்கூடாதுன்னு அந்த மனுஷன் தன் பேரைக் குடுத்தாரு. இவ அப்பா மரத்தடியில உட்கார்ந்திருந்தாரு. அவர் பேரைப் போடுங்க. பொறந்த இடம் மில் ஆஸ்பத்திரி. அதை மாத்தாதீங்க, அது நிசம்."

அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டார். "மன்னிச்சுக்குங்கம்மா, எங்க வேலை அப்படி" என்று தணிந்த குரலில் சொன்னது அம்மாவுக்குக் கேட்டதோ இல்லையோ, அவள் தலையை ஆட்டினாள்.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் மகள் முன்னால் போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டாள். சீட்டக்கா அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெகுதூரம் போன பிறகு அம்மா சீட்டின் மூலையைத் தடவிப் பார்த்தாள்.

"இது நீ தைச்சதா?"

"ஆமா."

"முதுகுல குத்துது."

குத்த வழியில்லை. போன மாதம்தான் புது ஸ்பாஞ்ச் வைத்துத் தைத்தது. இருந்தும் அவள் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் கையை விட்டுத் தேடினாள். "இங்கயா?" "மேல." "இங்கயா?" "கொஞ்சம் தள்ளி." அம்மாவின் முதுகெலும்பு ஒவ்வொன்றாகக் கைக்குத் தட்டுப்பட்டது. மன்னிச்சுக்கோம்மா என்று சொல்ல வேண்டும். எதையும் கேட்கத் தெரிந்த வாய்க்கு அந்த ஒன்றைக் கேட்கத் தெரியவில்லை. வெறுமனே தடவிக்கொண்டே இருந்தாள்.

"போதும், கையை எடுடி. கூசுது" என்றாள் அம்மா.

திருத்திய சான்றிதழ் வந்தது. மகள் வெளிநாடு போனாள். போகும்போது அம்மாவைக் கட்டிக்கொண்டாள், ஆனால் ஆயாவை இன்னும் இறுக்கமாகக் கட்டிக்கொண்டாள். டிப்போ அலுவலகத்திலும் பிறந்த ஊரை மாற்ற வேண்டியிருந்தது. "என்ன சீட்டக்கா, இந்த வயசுல மறுபடியும் பொறந்திருக்கீங்க?" என்று கண்டக்டர்கள் கேலி செய்தார்கள். அவள் பதிலுக்கு ஒன்றும் சொல்லாமல் தைத்துக்கொண்டிருந்ததால், உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள்.

வீட்டில் எல்லாம் பழையபடி ஆனது. கதவைத் தட்டுவது நின்றது. ஆறிப்போகுது, கொட்டிக்கடி என்ற குரல் திரும்ப வந்தது. அம்மா எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுகிறாள், உப்பு போதவில்லை என்று தன் சமையலைத் தானே திட்டுகிறாள். ஒன்று மட்டும் திரும்ப வரவில்லை.

சில நாள் சீட்டக்கா வேண்டுமென்றே முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வாள். பிடித்த காயையே பிடிக்கவில்லை என்று தட்டைத் தள்ளுவாள். எனக்கென்ன வேலையா இல்லை, நான் என்ன சாதாரணப்பட்டவளா என்று அடுப்படிக்குக் கேட்கிற மாதிரி அலட்டுவாள். அலட்டிவிட்டு, திமிருக்குக் கேக்கணுமா என்ற அந்தப் பழைய வரிக்காகக் காத்திருப்பாள்.

அம்மா ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பாள். "சரி, வேண்டாம்னா வை" என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.